ஸ்வெட்டர் நிறம் தெரிகிற வரைக்கும்

போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில் போன் வந்தது. தில்லியில் உள்ளூர் கிரிக்கெட் போட்டிகளை நடத்தும் கமிட்டியின் செயலாளர் பேசினான். பஞ்சாபிப் பையன். பையன் என்றால் நாற்பது வயசு இருக்கும். எனக்கு எழுபது தாண்டிவிட்டதால் தாடி நரைக்காதவர்கள் எல்லோரும் பையன்கள்தான்.

"அங்கிள்ஜி, அடுத்த சீசனிலிருந்து ஐம்பது ஓவர் கிடையாது. ஆண்கள், பெண்கள் எல்லாமே இருபது ஓவர்தான். அதற்கு முன்னால் ஒரு மலர் போடுகிறோம். இத்தனை வருஷம் அம்பயராக நின்றவர் நீங்கள், அனுபவத்தை எழுதிக் கொடுங்கள். இருநூறு வார்த்தை போதும்" என்றான்.

இருநூறு வார்த்தையா! ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கவே எனக்கு அதைவிட அதிகம் வேண்டும் என்பாள் என் மனைவி கோமதி. நான் ஒருநாள் ஆட்டத்து ஆள். காலையில் ஆரம்பித்து நடுவில் சாப்பிட்டு சாயங்காலம் முடிக்கிறவன். அவனுக்கு இங்கிலீஷில் இருநூறு வார்த்தை எப்படியோ பிழிந்து கொடுத்துவிட்டேன். மிச்சம் நின்றதை நம் தில்லித் தமிழர்கள் போடும் மலருக்கு எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் சங்கரலிங்கம். திருநெல்வேலிக்காரன். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றேன். சனி ஞாயிறுகளில் அம்பயர். எப்படி அம்பயர் ஆனேன் என்றால், எங்கள் ஆபீஸ் டீமில் சேரப் போனேன். பேட்டைக் கொடுத்தார்கள், பந்து ஸ்டம்பில் பட்டது. பந்தைக் கொடுத்தார்கள், அது ஸ்டம்பைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் பட்டது. ஃபீல்டிங் நிற்கச் சொன்னார்கள், என் மேல் பட்டது. கேப்டன் ரொம்ப மரியாதையாக, "நீங்கள் சும்மா நின்றால் போதும்" என்றார். சும்மா நிற்பதற்கும் ஒரு பரீட்சை உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. எழுதினேன், பாஸ் செய்தேன். லீவு விதிகளை மனப்பாடம் செய்தவனுக்குக் கிரிக்கெட் விதி எந்த மூலைக்கு?

என்னை உருவாக்கியவர் என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார், இருந்தாலும் பாட்டியா சாப் என்ற சீனியர் அம்பயரைச் சொல்லாமல் முடியாது. நடையைப் பார்த்தால் பட்டாளத்து ஆள் என்று தோன்றும். வேலை என்னவோ கணக்குப் பிரிவில் ஹெட் கிளார்க். அவர் நாட் அவுட் என்று வாயைத் திறந்து சொல்லி யாரும் கேட்டதில்லை. அப்பீல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மைதானத்து ஓரத்து வேப்பமரத்தைப் பார்ப்பார். அதுதான் நாட் அவுட். அவுட் என்றால் மனசுக்குள் "ஏக், தோ, தீன்" எண்ணிய பிறகே விரல் எழும்பும். "முதல் எண்ணில் காது கேட்டது, இரண்டாவதில் கண் பார்த்தது, மூன்றாவதில் உன் பயம் போகணும். பயம் போகலன்னா மரத்தைப் பார்" என்பார். என் முதல் சீசன் முழுக்க நான் மரத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஆட்டம் அவருக்குப் பிடிக்காது. "யே கிரிக்கெட் நஹீ, பிக்னிக் ஹை" என்பார். இது கிரிக்கெட்டே இல்லை, பிக்னிக் என்று அர்த்தம். அப்போது அறுபது ஓவர், வெள்ளை உடை, சிவப்புப் பந்து. எண்பத்து மூன்றில் நாம் கோப்பை வாங்கி வந்ததும் ஆபீஸில் பியூனிலிருந்து ஜாயின்ட் செக்ரெட்டரி வரை எல்லோரும் ஒருநாள் ஆட்டத்தில் நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். அப்புறம் அறுபது ஐம்பதாயிற்று. பந்து வெள்ளையாயிற்று, உடை கலராயிற்று. மைதானத்துக்குள் வட்டம் போட்டு, இத்தனை பேர் உள்ளே, இத்தனை பேர் வெளியே என்று எங்களை எண்ண வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பாட்டியா சாப் தலையில் அடித்துக்கொண்டார், ஒரு ஆட்டம் கூடத் தவறவிடாமல் வந்து நிற்கவும் செய்தார். இருபது ஓவர் வந்தபோது அவர் இல்லை. அவர் அடித்துக்கொள்ள வேண்டிய தலையில் நான் அடித்துக்கொண்டேன். வார்த்தைகூட அதேதான், பிக்னிக்.

பந்தை எண்ணுவதற்கு ஒவ்வொரு அம்பயரும் பையில் எதையாவது வைத்திருப்பார். பாட்டியா சாப் ஆறு கூழாங்கல் வைத்திருந்தார். நான் ஊரிலிருந்து வந்த புளியிலிருந்து பொறுக்கிய ஆறு புளியங்கொட்டை. ஒரு பந்துக்கு ஒன்றாக இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றவேண்டும். ஒரு ஜனவரியில் பை ஓட்டையாகிப் புளியங்கொட்டை எல்லாம் பஸ்ஸில் போய்விட்டது. மைதானத்து வாசலில் மூங்ஃபலி, அதாவது சுடச்சுட வறுத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார்கள். நல்லதாக ஆறு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

குளிர் என்றால் குளிர் அப்படியொரு குளிர். கை பைக்குள்ளேயே இருந்தது. ஆட்டம் சுவாரசியமாக இருந்தது. கை அதன் பாட்டுக்கு ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுவிட்டது. பிறகு என் முனையிலிருந்து வீசிய ஓவருக்கெல்லாம் ஐந்தே பந்துதான். ஸ்கோரர் கத்தினார், எனக்குக் கேட்கவில்லை. பாட்டியா சாப் நடந்து வந்து என் முன்னால் நின்று, "ஆறாவது எங்கே?" என்று இந்தியில் கேட்டார். நான் வாயில் மென்றுகொண்டிருந்த இரண்டாவது கடலையோடு, "எது சாப்?" என்றேன்.

அம்பயர் தப்பாக எண்ணினாலும் அவர் எண்ணியதுதான் ஓவர் என்று விதி இருக்கிறது. விதி என்னைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து தில்லி மைதானங்களில் எனக்கு மூங்ஃபலி சாப் என்று பெயர். ரிட்டயர்மென்ட் விழாவில் டெப்டி செக்ரெட்டரி மாலையோடு ஒரு பொட்டலம் கடலையும் கொடுத்தார்.

இனி ஸ்வெட்டர் விஷயம். இது தெரியாமல் மேலே போக முடியாது.

பந்து வீச வருகிறவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றி அம்பயரிடம் கொடுப்பது வழக்கம். டி.வி.யில் காட்டுகிற வெள்ளை ஸ்வெட்டர் எல்லாம் எங்களுக்கு ஏது? அவரவர் வீட்டில் அக்காவோ சம்சாரமோ பின்னியது. மெரூன், பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள் என்று தில்லிப் புல்வெளிகளில் வெயில் காய்ந்துகொண்டே பின்னிய எல்லா நிறமும் வரும். நாங்கள் அதை இடுப்பில் சுற்றிக் கையை முன்னால் முடிச்சுப் போட்டுக்கொள்வோம். முதலில் வந்தது உள்ளே, கடைசியில் வந்தது வெளியே. வெயில் ஏற ஏற என் இடுப்பு பெருக்கும், சாயங்காலம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய் இளைக்கும். துணி காயப்போட்ட கொடி மாதிரி நின்று நான் கிரிக்கெட்டுக்குச் சேவை செய்தேன்.

எங்கள் மைதானங்களில் விளக்கும் கிடையாது, வெளிச்சத்தை அளக்கும் கருவியும் கிடையாது. பாட்டியா சாப் ஒரு முறை வைத்திருந்தார். காலையில் பனிமூட்டத்தில், ஸ்டம்ப் பக்கம் நின்றால் வேப்பமரம் தெரியவேண்டும். தெரிந்தால் ஆட்டம் ஆரம்பம். சாயங்காலம் குனிந்து இடுப்பைப் பார்க்கவேண்டும். மெரூன் எது, பச்சை எது என்று பிரித்துத் தெரிகிற வரைக்கும் ஆடலாம். இரண்டும் ஒன்றாகிவிட்டால் ஸ்டம்ப் மேலிருக்கும் பெயில்ஸை எடுத்து ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டியதுதான். இந்த முறையை அவர் டீ குடிக்கும்போதெல்லாம் பெருமையடித்துக்கொண்டதால் தில்லியில் கிரிக்கெட் ஆடுகிற எல்லோருக்கும் இது தெரியும். அதுதான் பின்னால் வினையாயிற்று.

நான் மயூர் விஹாரில் சொஸைட்டி ஃபிளாட்டுக்கு வந்தபிறகு எங்கள் வீட்டில் அஞ்சலை என்ற அம்மாள் பாத்திரம் தேய்த்து வீடு துடைத்தாள். விழுப்புரம் பக்கத்துக்காரி. யமுனைக்கரைக் குடிசைப் பகுதியில் குடியிருந்தாள். அவள் பெண் செல்வி தில்லியிலேயே பிறந்தவள். பாதி இந்தி, பாதி தமிழ், முழு கிரிக்கெட். பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் ஒருவர் பிடித்துக் கிளப்பில் சேர்த்துவிட, பெண்களுக்கான ஐம்பது ஓவர் லீக்கில் ஆட ஆரம்பித்திருந்தாள். மாநில அணிக்கான முகாமில் பெயர் வந்தால் போதும், பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலைக்கு வழி பிறக்கும்.

ஒருநாள் அஞ்சலை ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "இந்தத் தடவ பேரு வந்தா சரி சார். வரலன்னா அடுத்த மாசத்துலேந்து பி பிளாக்குல ரெண்டு வூடு பேசி வெச்சிருக்கேன், அவளையும் கூட்டிக்கினு போயிடுவேன். எவ்ளோ நாளு பேட்டப் புடிச்சிக்கினு சுத்துவா?"

தேர்வாளர்கள் பார்க்க வருகிற ஆட்டத்துக்கு அம்பயர் யார் என்று பார்த்தால் நான். பெண்கள் ஆட்டம் என்றால் பெரிய அம்பயர்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று இடுப்பு வலி வந்துவிடும். நான் கமிட்டிக்குப் போன் போட்டு, "அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள், வேறு ஆளைப் போடுங்கள்" என்றேன். "அங்கிள், வேறு ஆளே இல்லை. போய் நில்லுங்கள்" என்றார்கள்.

கிளம்பும்போது கோமதி வாசலில் நின்றாள்.

"இங்கேருங்க, அஞ்சலை மவ இன்னைக்கு ஆடுதா. கையத் தூக்கிராதீங்க."

"அவுட்டுன்னா தூக்கித்தான் ஆவணும்."

"நல்லாத் தூக்குங்க. நாளைக்கு அவ வேலைக்கு வரலன்னா அதே கையால பாத்திரம் தேய்ங்க. சொல்லிப்புட்டேன்."

அன்று வேப்பமரம் தெரிவதற்கே வெகுநேரம் ஆயிற்று. தில்லிப் பனியில் இப்போதெல்லாம் பாதிக்கு மேல் புகைதான். தாமதமாக ஆரம்பித்து, ஓவரைக் கொஞ்சம் வெட்டி, சாப்பாட்டு நேரத்தையும் வெட்டினோம். முதலில் ஆடியது மோனிகா என்ற பெண் கேப்டனாக இருந்த அணி. நல்ல ஸ்கோர் அடித்தார்கள். பதிலுக்கு ஆடிய செல்வியின் அணியில் மளமளவென்று நாலு விக்கெட் போய்விட்டது. செல்வி வந்தாள்.

வந்தாளே தவிர ஆடவில்லை. தடவினாள். தட்டினாள். விட்டாள். ஓவருக்கு மேல் ஓவர் ரன்னே இல்லை. வெளியிலிருந்து "மாரோ யார்!" என்று, அடித்து ஆடச் சொல்லிக் கத்தல். அவளுடைய கோச் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆபீஸில் ஒரு ஃபைலை நகர்த்த நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டாள். பி பிளாக்கில் இரண்டு வீடு என்று என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த நேரத்தில் எதிர் முனையில் சைட் ஸ்கிரீன் என்ற பெரிய திரைப் பக்கமாக ஒரு உருவம் குறுக்கே நடந்தது. "பைட் ஜாவோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அது அப்படியே தரையில் உட்கார்ந்தது. பார்த்தால் அஞ்சலை. நாலு வீட்டில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கட்டியிருந்தது நான் எக்ஸிபிஷனில் கோமதிக்கென்று ஆசையாக எடுத்த புடவை. கிளிப்பச்சை உடம்பு, மெரூன் பார்டர். "இதக் கட்டிக்கிட்டு நான் என்ன டிராபிக் சிக்னல் மாதிரி ரோட்டுல நிக்கவா?" என்று கோமதி அந்தப் பொங்கலுக்கே அஞ்சலைக்குக் கொடுத்துவிட்டாள். நான் அதட்டிய பயத்தில் அஞ்சலை கடைசிவரை இடத்தைவிட்டு அசையவே இல்லை.

செல்விக்கு மெல்லக் கண் பழகியது. ஒன்று, ஒன்று, இரண்டு. பிறகு ஒரு பவுண்டரி. பிறகு அடிக்கடி. ஐம்பது ஓவர் ஆட்டத்தில்தான் இதற்கு இடம் உண்டு. இருபதாக இருந்திருந்தால் அவள் தடவிக்கொண்டிருந்த நேரத்துக்குள் பரிசளிப்பே முடிந்து நாற்காலியை அடுக்கியிருப்பார்கள். நானும் எதிலும் ஆரம்பத்தில் சொதப்புகிறவன் என்பதால் எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, மரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தினால் ரன் ரேட்டைப் பார்த்து முடிவு சொல்வோம். செல்வியின் அணி பின்தங்கியிருந்தது, அவள் தடவிய தடவலால்தான். நிறுத்தினால் தோல்வி. தேர்வாளர்கள் மனசில் அந்தத் தடவல் மட்டும் மிஞ்சும். அவர்களில் ஒருவர் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டதையும் பார்த்தேன்.

மோனிகா வந்தாள். "சார், பந்து தெரியவில்லை. யாருக்காவது அடிபட்டால் நீங்கள்தான் பொறுப்பு." சொன்னதில் தப்பில்லை. வெள்ளைப் பந்தானாலும் அடிபட்டால் பல் போய்விடும்.

குனிந்து இடுப்பைப் பார்த்தேன். இரண்டு ஸ்வெட்டர். இரண்டும் ஒரே கறுப்பு. சரி, முடிந்தது என்று பெயில்ஸ் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

செல்வி ஓடி வந்தாள். "அங்கிள், ஏக் மினிட். எனக்கு பந்து பக்காவா தெரியுது."

"எனக்கு ஸ்வெட்டர் தெரியலம்மா."

"அங்கிள், அது தண்ணி பிரேக்ல மாத்துனாங்க! மெரூனும் பச்சையும் திரும்பி வாங்கிட்டு இத குடுத்தாங்க. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு நேவி புளூ. அது மத்தியானமே ஒரே மாதிரிதான் இருக்கும்."

நான் முடிச்சை அவிழ்த்து ஸ்வெட்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆமாம். கறுப்பு, நேவி புளூ. என் இடுப்பிலேயே நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை! மோனிகா வானத்தைப் பார்த்து, "தண்ட் லக் ரஹீ தீ, சார்" என்றாள். குளிராம். குளிரினால் ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டார்களாம், வேறு ஸ்வெட்டரைக் கொடுத்தார்களாம். அடிப்பாவி! பாட்டியா சாப் மேலே இருந்து பார்த்திருந்தால் அவளை அம்பயராக எடுத்துக்கொண்டு என்னைத் துரத்தியிருப்பார்.

கோபம் வந்தது, ஆனால் கோபத்தில் வெளிச்சம் கூடிவிடாதே. நிஜமாகவே இருட்டியிருந்தால் நிறுத்தத்தான் வேண்டும். எதை வைத்துப் பார்ப்பது? நிமிர்ந்தேன். எதிரே சைட் ஸ்கிரீன் பக்கத்தில் டிராபிக் சிக்னல் உட்கார்ந்திருந்தது. கிளிப்பச்சை தெரிந்தது. கீழே மெரூன் பார்டரும் தனியாகத் தெரிந்தது. ஸ்குயர் லெக்கில் நின்ற இன்னொரு அம்பயர் ஒரு பள்ளிக்கூட டீச்சர், அன்றுதான் இரண்டாவது ஆட்டம். என் கண்ணை நம்பாமல் அவரைக் கூப்பிட்டு, "அந்த அம்மா புடவை என்ன கலர்?" என்றேன். அவர் ஒருமாதிரி என்னைப் பார்த்தார். பிறகு, "பச்சை சார். பார்டர் மெரூன்" என்றார்.

"பிளே" என்றேன்.

அடுத்த ஓவரில் செல்வி அடித்த ஒரு டிரைவ் என் காலை ஒட்டிப் போய் எல்லைக்கோட்டைத் தொட்டது. ஒதுங்குவதற்குள் போய்விட்டது. அதற்கடுத்தது கவர் பக்கம். கார் சாவி பைக்குள் திரும்பிப் போயிற்று. வேண்டிய ரன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

பிறகு என் முனையிலிருந்து வந்த ஒரு பந்து தாழ்ந்து போய் அவள் காலில் பட்டது. நடு ஸ்டம்புக்கு நேர் எதிரே. பதினோரு பேரும் கத்தினார்கள்.

ஏக். கேட்டது.

தோ. பார்த்தேன். துளிச் சந்தேகம் இல்லை. எந்த வெளிச்சத்துக்காக நான் நின்றேனோ அந்த வெளிச்சம் கண்ணாடியாகக் காட்டியது.

தீன். கோமதி, பாத்திரம், பி பிளாக்கு, புடவையோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும் அஞ்சலை எல்லோரும் அந்த மூன்றாவது எண்ணில் வந்து நின்றார்கள். பயம் போகவில்லை. மரத்தைப் பார்த்திருக்கலாம். ஐயோ, எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா மரத்தைப் பார்க்க!

விரலைத் தூக்கினேன். செல்வி என்னைப் பார்த்தாள். பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள். அவர்கள் அணி சொற்ப ரன்னில் தோற்றது.

மறுநாள் காலை பெல் அடிக்குமா என்று நான் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோமதி தேய்க்கிற நாரை என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். பெல் அடித்தது. அஞ்சலை வந்தாள். நேராக சமையலறைக்குப் போனாள். பாத்திரம் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், அது அவுட்டா?"

"அவுட்தாம்மா."

"நல்லா தெரிஞ்சிச்சா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

யோசித்தாள். "அப்ப சரி சார். அந்த வெளிச்சத்துலதான அவ அடிச்சதும் பாக்க வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள். போய் மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

முகாமில் செல்வியின் பெயர் வந்தது. மாநில அணிக்கும் ஆடினாள். வெளியூரில் ஓர் அரசு வேலை கிடைத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் அதற்கப்புறம் எங்களுக்கு அஞ்சலை மாதிரி ஆள் அமையவில்லை. வந்தவர்கள் யாரும் கோமதியிடம் ஒரு மாதம் தாங்கவில்லை. "நீங்க பெரிய நியாயவான்லா, அதான் அவ வேலைய விட்டுப் போனா" என்று கோமதி அந்த வேலையை எனக்கே நிரந்தரமாக்கிவிட்டாள். அவுட் கொடுத்தால் பாத்திரம் தேய்க்கணும் என்றவள், அந்தப் பெண் ஜெயித்ததற்கும் என்னையே தேய்க்க வைத்துவிட்டாள்.

மலர் விஷயத்தைச் செல்வியிடம் போனில் சொன்னேன். "இங்கயும் எல்லாம் ட்வென்டிதான் அங்கிள். ஆறாவதா இறங்குறேன். பேட் கட்டிட்டு உக்காந்திருக்கேன், மேட்ச் முடிஞ்சு போயிடுது. எப்பவாவது ஒரு ஐம்பது ஓவர் வந்தா ராத்திரி தூக்கமே வராது, இத்தனை நேரம் ஆடலாமேன்னு" என்றாள். இனி ஒருநாள் ஆட்டம் உலகக் கோப்பைக்கு மட்டும்தான் என்கிறார்கள், அதுவும் எத்தனை நாளைக்கோ என்கிறார்கள். எனக்குத் தெரியாது. கடலையைத் தின்றுவிட்டு எண்ணியவனிடம் எதிர்காலத்தைக் கேட்டால் என்ன சொல்வது? முதலில் தடவுகிற ஒரு பெண்ணுக்கு இனி எங்கே இடம் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. செயலாளர் பையனுக்குக் கொடுத்த இருநூறு வார்த்தையிலும் கடைசியில் இதைத்தான் எழுதினேன், பெண்கள் லீக்கையாவது ஐம்பதாக விடு என்று. பதில் வரவில்லை.

நேற்று சாயங்காலம் அடுக்களை ஜன்னலோரம் நின்று டிபன் டப்பா மூடிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கோமதி வந்து ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"இருட்டிப் போச்சுல்லா. லைட்டப் போடட்டுமா?"

இரண்டு மூடியையும் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்தேன். ஒன்று மெரூன், ஒன்று பச்சை.

"வேண்டாம்" என்றேன். "இன்னும் தெரியுது."